சத்தம் போடாத எஸ்எம்பிஎஸ் வாங்குவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறைகள் கொண்ட வீடு. முன்னறையில் என் கணினி இருக்கிறது. அடுத்த அறையில் கைக்குழந்தை தூங்கும். வீடியோக்களுக்கு வசன வரிகள் சேர்க்கும் என் வேலையை இரவு பத்து மணிக்கு மேல்தான் செய்ய முடிகிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் இரவெல்லாம் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு அசையாத குழந்தை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி திடீரென்று வேகம் பிடித்தால் உடனே விழித்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதங்களும் மூன்று எஸ்எம்பிஎஸ்களும் தேவைப்பட்டன. முதலாவது 900 ரூபாய்க்கு வாங்கிய பெயர் தெரியாத பெட்டி. இரண்டாவது, பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய 850 வாட் பெட்டி. மூன்றாவதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் நேராக மூன்றாவதுக்குப் போய்விடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. சத்தம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மின்விசிறியை நிறுத்தி, கணினிக் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, ஒரு நாளிதழைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கு நேராகவும் வைத்துக் கேளுங்கள். எந்த விசிறி கத்துகிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். பிராசஸர் மேலுள்ள விசிறியாக இருந்தால், தூசு துடைத்துப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு எஸ்எம்பிஎஸ் மாற்றுவது வீண் செலவு. விசிறிச் சத்தமாக இல்லாமல் கொசு ரீங்காரம் போல மெல்லிய கிறீச்சொலி கேட்டால், அது மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. அது கிராஃபிக்ஸ் கார்டிலிருந்தும் வரலாம், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தும் வரலாம். கேம் ஓடும்போது மட்டும் கேட்டு, திரையில் காட்சி மாறும்போதெல்லாம் ஒலியின் சுருதியும் மாறினால் கிராஃபிக்ஸ் கார்டின் மீதுதான் என் சந்தேகம் போகும்.

2. உங்கள் கணினிக்கு எத்தனை வாட் தேவை என்று கணக்குப் போடுங்கள்

கடையில் முதல் கேள்வியே "எத்தனை வாட் சார்?" என்பதாக இருக்கும். பதில் இல்லாமல் போய் நின்றால், கையிருப்பில் தேங்கிக் கிடப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள். கணக்கு எளிதானது. பிராசஸர் அதிகபட்சமாக இழுக்கும் வாட், கிராஃபிக்ஸ் கார்டின் வாட் ஆகிய இரண்டையும் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக் கூட்டுங்கள். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் போடுங்கள். உதாரணமாக, இன்டெல் ஐ5 12400எஃப் உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், மற்றவை 50 வாட் என்றால் மொத்தம் 282 வாட். பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உச்ச அளவு அல்ல.

இந்த உச்ச அளவு, எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் அளவில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் விழுவது நல்லது. மேலே சொன்ன கணினிக்கு 550 வாட் போதும். நாளை பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650 வாட் வாங்கலாம். அதற்கு மேல் போவதில் பயனில்லை என்பதை நான் 850 வாட் வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். வேலை இல்லாமல் சும்மா நிற்கும் கணினி 50, 60 வாட் மட்டுமே இழுக்கும். பெரிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு குறைந்த சுமையில், எடுக்கும் மின்சாரத்தில் வீணாகும் பங்கு கூடும். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரப்படும் 80 பிளஸ் சான்றிதழின் பெரும்பாலான படிகளில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில்தான் சோதிக்கிறார்கள். வீட்டுக் கணினிகளுக்கான படிகளில் 10 சதவீதச் சுமையில் சோதிப்பது டைட்டானியத்துக்கு மட்டும்தான்.

பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை நொடியில் மிகச் சிறிய பின்னத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் கணினியைச் சட்டென்று அணைத்துவிடும். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை இந்தத் துள்ளலைத் தாங்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

3. பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான். என் முதல் பெட்டியின் முகப்பில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தார்கள். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதையும் அந்த 12 வோல்ட் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன, 3.3 வோல்ட், 5 வோல்ட் கட்டங்களில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் நமக்குப் பயனில்லை. நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் இருக்கும். அதாவது 540 வாட். இந்தப் பெருக்கலைக் கடையிலேயே, கைப்பேசியில், கடைக்காரர் பார்க்கும்படி போடுங்கள். பேச்சு உடனே மாறும்.

அதே ஸ்டிக்கரில் உள்ளீட்டு வோல்ட்டேஜையும் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால், கோடைக்கால மாலைகளில் வோல்ட்டேஜ் இறங்கினாலும் தாங்கும். தனியாக ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை. பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புப் பொத்தான் இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். அது பழைய வடிவமைப்பு. தவறுதலாகப் பொத்தான் 115 பக்கம் நகர்ந்திருந்து நம் 230 வோல்ட்டில் செருகினால் வெடிச்சத்தமும் கருகல் நாற்றமும்தான் மிஞ்சும்.

4. திறன் முத்திரையால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

80 பிளஸ் சான்றிதழின் படிகளான பிரான்ஸ் (Bronze, வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம் என்ற முத்திரைகள் எல்லாம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதையே குறிக்கின்றன. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் பிளாட்டினம் 92 சதவீதமும் எட்ட வேண்டும். நம் 230 வோல்ட்டில் இவை ஓரிரு சதவீதம் கூடுதலாகவே இருக்கும்.

"கோல்டு வாங்கினால் கரண்ட் பில்லில் மிச்சம் பிடிக்கலாம்" என்று எல்லாக் கடைகளிலும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியாக 150 வாட் இழுக்கும் கணினி நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால், பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 வாட். ஆண்டுக்கு 21, 22 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 170 ரூபாய்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இ.பி. பில்லில் இது கண்ணுக்கே தெரியாது. கோல்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 2,500 ரூபாய் பில் வழியாகத் திரும்பி வர இந்தக் கணக்கில் 14, 15 ஆண்டுகள் ஆகும். இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடும் வீடாக இருந்தால் திரும்பி வரவே வராது.

அப்படியிருந்தும் நான் கோல்டுதான் வாங்கினேன், காரணம் வேறு. கணினிக்குப் போய்ச் சேராத மின்சாரம் அத்தனையும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. 300 வாட் சுமையில், 85 சதவீதத் திறனுள்ள பெட்டிக்குள் 53 வாட் வெப்பம் உண்டாகும். 90 சதவீதத் திறனுள்ளதற்குள் 33 வாட். என் பழைய 900 ரூபாய்ப் பெட்டி போன்றவை 70 சதவீதத்தில் ஓடினால் 129 வாட். சிறிய சாலிடரிங் அயர்ன்கள் நான்கைந்தை உள்ளே வைத்து மூடியது போல. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் விசிறி கத்துகிறது. வெப்பம் குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும். கூடுதல் பணம் போவது அமைதிக்காக. மின்கட்டணச் சேமிப்பு என்று யாராவது விற்றால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிளாட்டினத்துக்குப் போனால் இதே 300 வாட்டில் இன்னும் 7 வாட் வெப்பம்தான் குறையும். அதற்குக் கேட்கும் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

5. விசிறியையும் வெப்ப வரம்பையும் பாருங்கள்

திறன் முத்திரை சத்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கோல்டு முத்திரையுடன் மோசமான விசிறியும் வரும். என் இரண்டாவது பெட்டி அதற்குச் சாட்சி. சத்தத்துக்கென்று தனியாகச் சான்று தருவது சைபனெடிக்ஸ் என்ற சோதனை நிறுவனம். அதன் லாம்ப்டா மதிப்பீட்டில் ஏ பிளஸ் பிளஸ் என்றால் 15 டெசிபலுக்குக் கீழே, ஏ பிளஸ் 15 முதல் 20 வரை, ஏ 20 முதல் 25 வரை, ஏ மைனஸ் 25 முதல் 30 வரை. வாங்க நினைக்கும் மாடலின் பெயரை அவர்களின் தளத்தில் தேடி, 230 வோல்ட் சோதனை முடிவையே பாருங்கள். இரவு வேலை செய்பவர்கள் ஏ மைனஸுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது வெப்ப வரம்பு. "முழு வாட்டும் 40 டிகிரியில்" என்று சில பெட்டிகளிலும் "50 டிகிரியில்" என்று சில பெட்டிகளிலும் இருக்கும். கத்திரி வெயில் நாட்களில் ஏசி இல்லாத முன்னறை 36, 37 டிகிரிக்குப் போய்விடுகிறது. கேபினட்டின் உள்ளே அதைவிடக் கூடுதல். ஆகவே 50 டிகிரி என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி வகையாக இருப்பதும் முக்கியம். பத்து டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

விசிறி 120 மில்லிமீட்டரைவிட 135 அல்லது 140 மில்லிமீட்டராக இருந்தால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். பேரிங், ஃப்ளூயிட் டைனமிக் வகையாக இருக்கட்டும். மலிவான ஸ்லீவ் பேரிங் ஓரிரண்டு கோடைகளிலேயே கரகரக்கத் தொடங்கிவிடும்.

குறைந்த சுமையில் விசிறி முழுவதுமாக நின்றுவிடும் வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். குளிரூட்டிய அறையில் அது அருமை. நம் ஊர் வெப்பத்திலோ விசிறி ஐந்து நிமிடம் நிற்கும், பிறகு கிளம்பும், மறுபடி நிற்கும். தொடர்ந்து கேட்கும் மெல்லிய ஓசைக்குக் காது பழகிவிடுகிறது. விட்டுவிட்டு வரும் ஓசைக்குத்தான் குழந்தை விழிக்கிறது. எனவே இந்த வசதியை அணைத்துவைக்கப் பொத்தான் உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். நான் மார்ச் முதல் செப்டம்பர் வரை அதை அணைத்தே வைக்கிறேன்.

6. எர்த், யூபிஎஸ், இன்வெர்ட்டர்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும். எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஊசி குத்துவது போல் உணர்கிறீர்கள் என்றால் காரணம் அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் இல்லாதபோது அது கேபினட்டில் தங்கிவிடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் இது மாறாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகு புதியதைச் செருகுங்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அனைத்திலும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் மின்சுற்று இருக்கிறது. மலிவான யூபிஎஸ்கள் தரும் சதுர அலை மின்சாரம் இதற்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. மின்வெட்டு வந்ததும் யூபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, கணினி மட்டும் அணைந்துவிடலாம். வீட்டு மின்சாரம் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் யூபிஎஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. 600 விஏ என்று விற்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், அதன் பின்புறமுள்ள பொத்தானை யூபிஎஸ் நிலைக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்.

7. கேபினட்டுக்குள் பொருந்துமா

வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நீளம் மட்டும் 140இலிருந்து 160, 170 வரை மாறும். டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். எஸ்எம்பிஎஸ் மேலே பொருத்தப்படும் பழைய கேபினட்டாக இருந்தால், அது பிராசஸரின் சூடான காற்றையே உள்ளிழுக்கும். அதற்குள் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அமைதியாக இருக்காது. கேபினட்டையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. எங்கே, எவ்வளவு, என்னென்ன காகிதங்கள்

நம் பக்கத்திலிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவது இப்போது எளிது. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வேலை நாளில் பதினொரு மணிக்கு மேல், மதியக் கூட்டத்துக்கு முன் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். நான் விசாரித்த வாரங்களில் 550 வாட் பிரான்ஸ் 4,000 முதல் 5,000 ரூபாய் வரையிலும், 650 வாட் கோல்டு 6,500 முதல் 8,500 வரையிலும் சொன்னார்கள். இணையக் கடைகளின் விலையைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்று கேளுங்கள். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். என் 850 வாட் பெட்டி மூன்றாவது மாதத்தில் கிறீச்சிட ஆரம்பித்தபோது, அது இந்தியாவுக்காக இறக்குமதி செய்யப்பட்ட சரக்கே அல்ல என்று சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைப் பார்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். விற்ற கடையில் என்னை அடையாளமே தெரியவில்லை. பெட்டிக்குள் வேறு நாட்டுப் பிளக் உள்ள கம்பி இருந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கடையின் ஜிஎஸ்டி எண், மாடலின் முழுப் பெயர், சீரியல் எண் ஆகிய மூன்றும் உள்ள பில், இந்தியாவில் அந்தப் பிராண்டுக்கு யார் சர்வீஸ் தருகிறார்கள், சென்னையில் எந்த முகவரி என்ற விவரம், எத்தனை நாட்களுக்குள் பழுதானால் கடையிலேயே மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லின் மேலேயே எழுதி வாங்கிய குறிப்பு. சீரியல் ஸ்டிக்கரைப் பொருத்துவதற்கு முன்பே படம் எடுங்கள். கேபினட்டுக்குள் போன பிறகு அது தெரியாது. பில் தாள் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால் அதையும் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கோர்செர் ஆர்எம்எக்ஸ், சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் போன்ற கோல்டு வரிசைகளுக்கு 10 ஆண்டு வாரன்டி உண்டு. மங்கிய பில்லோடு ஒன்பதாம் ஆண்டில் போய் நின்றால் அது உதவாது. பில் இருந்தும் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

9. பொருத்துவதும் முதல் வாரமும்

பழையதைக் கழற்றும்போது அதன் கேபிள்களையும் முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். கேபிள்கள் தனியே செருகும் வகை எஸ்எம்பிஎஸ்களில், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். முனை பொருந்துகிறதே என்று பழைய கேபிளில் புதியதை இணைத்தால் ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். அதிலிருந்த குழந்தைப் படங்களும் போகும். எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். "விசிறியை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் 300 ரூபாய் கேட்டார். திறந்தால் வாரன்டியும் போய்விடும்.

கணினி கிளம்பியதும் எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றவில்லையே என்று பதறிக் கடைக்கு ஓட வேண்டாம். நான் ஓடினேன், போக வர மெட்ரோ கட்டணம் செலவானதோடு கடைப் பையனின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்தேன். குறைந்த சுமையில் நிற்பது அதன் இயல்பு. விசிறி நிற்கும் வசதியை அணைக்கும் பொத்தானை மாற்றி, விசிறி சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கடை மாற்றித் தரும் நாட்களுக்குள், இரவில் ஒரு மணி நேரம் கனமான வேலையைக் கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கிறீச்சொலி இருந்தால் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாளே பெட்டியோடும் பில்லோடும் போங்கள். அந்த நாட்கள் கடந்துவிட்டால், கிறீச்சொலியைப் பழுதாகவே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை. எல்லாம் சரியாக இருந்தால், கேபினட்டின் அடியிலுள்ள தூசு வலையை மாதம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் அந்த வலையில் படிவது வெறும் தூசு அல்ல. உப்பின் பிசுபிசுப்பும் லாரிப் புகையின் கரியும் சேர்ந்து ஒட்டிக்கொள்வதால், உதறினால் போகாது, சோப்பு நீர் தேவைப்படும்.